திம்மராயன் கை நீட்டாத மாதங்கள்

என் வீட்டுக்காரர் திம்மராயனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும், அவர் யார் யாரை அடித்தார் என்றுதான் முதலில் சொல்வார்கள். அது பொய்யும் இல்லை. எங்கள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொன்ன சொசைட்டிக்காரனை அடித்திருக்கிறார். தளி போகிற பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு முறைத்தவனை அடித்திருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தபோது, "ஏய் கான்ட்ராக்ட்" என்று கூப்பிட்ட சூப்பர்வைசரை ஒரே அறையில் தகட்டுக் குவியல்மேல் சாய்த்துவிட்டு, அன்றைக்கே கணக்கு முடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, இவருக்கு அது மூக்கு வரைக்கும் ஏறவே நேரம் எடுக்காது. நேராகக் கைக்கு வந்துவிடும்.

கல்யாணமான புதிதில் என்னையும் ஒரு நாள் அடித்தார். குழம்பில் உப்பு இல்லையாம். நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். அந்தத் துடுப்பாலேயே முழங்காலில் ஒன்று போட்டேன். ஒரு வாரம் நொண்டினார். கேட்டவர்களிடம் மாடு உதைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு இந்த மாதேஸ்வரி மேல் கை வைத்ததில்லை. எங்கப்பன் வீட்டிலும் அடி வாங்கிக்கொண்டு சும்மா வந்தவர்கள் யாரும் கிடையாது.

இத்தனை அடித்தும் அவர்மேல் ஸ்டேஷனில் ஒரு கேஸ் இல்லை. எல்லாமே ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, கோழி அடித்துச் சோறு போட்டு, தோளில் கை போட்டுச் சமாதானமாகிப் போனவை. அது எங்கள் அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவருக்குப் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று ஓர் ஆசை இருந்தது. பத்தொன்பது வயதில் ஆளெடுப்புக்குப் போனவர், வரிசையில் நடுவில் நுழைந்த ஒருவனின் மூக்கை உடைத்தார். லத்தியால் அடித்துத் துரத்திவிட்டார்கள். ஓடிக் காட்டக்கூட விடவில்லை. அந்தக் கதையைக் குடித்தால் மட்டும் சொல்வார். சொல்லிவிட்டு அழுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த ஆசையை மறுபடி கிளறிவிட்டவர் கமலக்கண்ணன். பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், என் வீட்டுக்காரர் அப்போது வேலை பார்த்த கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. "டெரிடோரியல் ஆர்மின்னு ஒண்ணு இருக்குது திம்மராயா. கம்பெனி வேலையையும் பாத்துகினு பட்டாளத்துலயும் இருக்கலாம். கூப்பிட்டா மட்டும் போவணும். நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் எடுக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறார். இவருக்கு அப்போது நாற்பத்தொன்று.

வீட்டுக்கு வந்து சொன்னதும் நான் சிரித்தேன். "இந்த வயசுல பட்டாளமா? எல்லையில உங்கள நிக்க வெச்சா, நீங்க உடற கொட்டாவி சத்தத்துக்கே எதிரி குண்டு போட்டுடுவான்" என்றேன். வழக்கமாக இருந்தால் சாப்பாட்டுத் தட்டு பறந்திருக்கும். அன்றைக்குத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாளிலிருந்து ஏரிக்கரையில் ஓட ஆரம்பித்தார். நாய்கள் துரத்தின. ஊர்ப் பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். பலாமரத்துக் கிளையில் தொங்கித் தொங்கி உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிராந்தியை விட்டார். முக்கியமாக, அடிப்பதை விட்டார். கமலக்கண்ணன் தெளிவாகச் சொல்லி வைத்திருந்தார்: "ஓட்டம், உடம்பு எல்லாம் பாஸானாலும் கடைசில போலீஸ் விசாரிப்பாங்க. கேஸ்ல உம்பேரு இருந்துச்சுன்னா முடிஞ்சுது. அடுத்த வருசம் உனக்கு வயசும் இருக்காது."

நான் அந்த மனிதனோடு அத்தனை வருஷம் குப்பை கொட்டியவள். வேண்டியதை எல்லாம் அடித்துத்தான் வாங்குவார், இல்லையென்றால் வேண்டாம் என்று எட்டி உதைப்பார். முதல்முறையாக ஒன்றை அடிக்காமல் வாங்கப் பார்த்தார். இது இவருக்குக் கிடைக்க வேண்டும் சாமி, என் தலையை அடமானம் வைத்தாவது கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் ஆளெடுப்பு. அங்கே யாரையாவது அடித்துவிடுவாரோ என்று நானும் கூடவே போனேன். விடிவதற்குள் கேட்டுக்கு வெளியே ஜனக்கடல். மீசை முளைக்காத பையன்கள் இவரைச் சுற்றி நின்று, "பெரியப்பா, பையன விட வந்தீங்களா? பையன் எங்க?" என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கேட் திறந்ததும் ஒரே தள்ளுமுள்ளு. கீழே விழுந்த ஒருவனின் கைமேல் ஆயிரம் செருப்பு ஏறியது. அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. லத்தி இறங்கியது. அந்த நெருக்கத்தில் ஒருவன் முழங்கையால் என் வீட்டுக்காரரின் வாயிலேயே இடித்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் வடிந்தது. இடித்தவனின் சட்டைக் காலர் இவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ரத்தத்தை விழுங்கினார். பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. நான் வேலிக்கு வெளியே நின்று, யார் பார்த்தால் எனக்கென்ன என்று கத்தினேன்: "அப்படித்தான்யா! அப்படியே உள்ள போ!"

ஓட்டத்தில் தேறியவர்களில் கடைசிக்கு முன்னால் வந்தார். தேறினார், அவ்வளவுதான் வேண்டும். கம்பியில் தொங்கி எழுவது, பள்ளம் தாண்டுவது, டாக்டர், எழுத்துப் பரீட்சை என்று வரிசையாக எல்லாம் முடிந்தது. பெயர் வந்துவிட்டது. போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் மனுஷன் வாயால் கெட்டார். தவளையும் தன் வாயால்தானே கெடும்? டீக்கடையில் ஊருக்கே டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனி ஒண்ணே ஒண்ணுதான்ப்பா. போலீஸ் வந்து கேக்கற வரைக்கும் எம்பேர்ல கேஸ் வரக்கூடாது. எவன் என்ன பண்ணாலும் நான் கை நீட்ட மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்த டீயைக் குடித்தவர்களில் நல்லுசாமியும் ஒருவன்.

நல்லுசாமி எங்கள் பங்காளி. எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவனுடையது. முன்பொரு வருஷம் எருது விடும் விழாவில், மாட்டுக் கொம்பில் கட்டிய பரிசுத் தட்டியை யார் பறித்தது என்ற தகராறில், ஊர் மொத்தமும் பார்க்க இவர் அவனுடைய முன்பல்லைத் தட்டிவிட்டார். அதற்கும் கோழி அடித்துச் சமாதானம் செய்தாயிற்று. ஆனால் அவன் சிரிக்கும்போதெல்லாம் அந்த ஓட்டை தெரியுமே. அவனுக்கு எப்படி மறக்கும்? இப்போது பாம்புக்குப் பல் பிடுங்கியாயிற்று என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் எங்கள் சொட்டுநீர்க் குழாயை வெட்டினான். இவர் ஒட்டுப் போட்டார். மாட்டை அவிழ்த்து எங்கள் ராகியில் விட்டான். இவர் ஓட்டிக்கொண்டு போய் அவன் கொட்டகையிலேயே கட்டிவிட்டு வந்தார். ஊரில் சிரித்தார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும். "ஒரே ஒரு அறை, நான் போய் உடட்டுமா?" என்று கேட்பேன். "வேணாம் மாதேஸ்வரி. அவன் காத்துகினு இருக்கறதே அதுக்குத்தான்" என்பார்.

அப்புறம் அந்தக் காலை வந்தது. தக்காளி நன்றாகப் பழுத்து நின்றது. நாங்கள் இருவரும் பறித்துக்கொண்டிருந்தோம். நல்லுசாமி டிராக்டரில் ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டு, அவன் நிலத்தை உழுகிறவன் மாதிரி வந்து, வரப்பைத் தாண்டி எங்கள் தக்காளிக்குள்ளேயே இறக்கினான். செடி, குச்சி, குழாய் எல்லாம் சேர்ந்து அரைபட்டது. இவர் ஓடிப் போய் டிராக்டருக்கு முன்னால் நின்றார்.

"நல்லுசாமி, நிறுத்துடா. அப்புறமா பேசிக்கலாம்."

அவன் இறங்கி வந்தான். கையில் மண்வெட்டிக் காம்பு. "எதுக்குடா அப்புறம்? இப்பவே பேசு" என்று சொல்லிக் கன்னத்தில் ஒன்று விட்டான். "அடிடா திரும்பி! ஊரையே அடிச்சவன்தானே நீ? அடி, பாக்கலாம்!"

இவர் அடிக்கவில்லை. அவன் காம்பைத் திருப்பித் தோளில் போட்டான். முதுகில் போட்டான். விலாவில் போட்டபோது மரம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இவர் முழங்கால் போட்டு விழுந்தார். விழுந்தவர், தக்காளிச் செடிக்கு நட்டிருந்த குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதைப் பிடுங்கி ஒரு வீச்சு வீசியிருந்தால் நல்லுசாமியின் மண்டை இருந்திருக்காது. பிடுங்கவில்லை. பிடித்துக்கொண்டே அடி வாங்கினார். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த நிலையிலும் என்னைப் பார்த்துக் கத்தினார்: "கிட்ட வராத! அரிவாளக் கீழ போடு! என்மேல சத்தியம்!"

போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். பிள்ளை பெற்றதுகூட அத்தனை கஷ்டமில்லை.

அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்கள் ஓடி வந்ததும் நல்லுசாமி காம்பை எறிந்துவிட்டுப் போனான். இவரை வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்து, ஈரத்துணியை இறுக்கிச் சுற்றினேன். மூச்சு இழுக்கும்போது முனகினார். வாயில் ரத்தம். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். "வேணாம்" என்றார்.

ஏன் வேண்டாம் என்றால், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. அடிதடி என்று ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால், அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். ஏட்டு வந்து எழுதிக்கொண்டு போவார். நாம் படுத்தது தெரிந்ததும் எதிராளியும் போய்ப் படுப்பான். காயம் இருக்கிறதோ இல்லையோ, கட்டுப் போட்டுக்கொண்டு படுப்பான். அப்புறம் இரண்டு பக்கமும் கேஸ். அடித்தவன் பெயரும் இருக்கும், அடி வாங்கியவன் பெயரும் இருக்கும். வருஷக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போய்வருவார்கள். அதனால்தான் இவர் உடைந்த விலாவோடு பாயில் கிடந்தார்.

ஆனால் நாங்கள் படுக்காவிட்டால் அவன் படுக்க மாட்டான் என்று நினைத்தோம் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தோம். எதிர்வீட்டு ரங்கம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"அக்கா, நல்லுசாமி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்க்கா! உங்க வீட்டுக்காரரு கைய ஒடிச்சிட்டாருன்னு சொல்லிப் படுத்துக்கப் போறானாம். அவன் பொண்டாட்டிதான் போர்வையெல்லாம் எடுத்துகினு போறா!"

என் வீட்டுக்காரர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. குடிக்காமல் அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் புடவையைக்கூட மாற்றவில்லை. தக்காளிக் கறையோடு ஷேர் ஆட்டோ பிடித்தேன். போகிற வழியெல்லாம் ஒரே கணக்குதான் மனதில். ஏட்டு வந்து எழுதுவதற்குள் போய்ச் சேர வேண்டும். போய் என்ன செய்வது என்று தெரியாது. காலில் விழலாம் என்றுகூட நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

ஆண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான் நல்லுசாமி. இடது கையில் பெரிய கட்டு. வலது கையில் பன். மென்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஸ்டூலில் ஏட்டு ஜெகதீஷ் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் ரோந்து வருகிறவர், எல்லோருக்கும் தெரிந்தவர்.

"சொல்லு, யாரு அடிச்சது?" என்றார் ஏட்டு.

"திம்மராயன் சார். மண்வெட்டிக் காம்பால—"

"ஏ நல்லுசாமி" என்றேன்.

திரும்பினான். என்னைப் பார்த்ததும் அந்த ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். "வா மாதேஸ்வரி. இன்னா, உன் பட்டாளத்துக்காரன் சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே, கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஒடிந்த கையாம்! வலியே இல்லாமல் தலையணை மாதிரி வைத்துக்கொள்கிறான்!

காலில் விழலாம் என்று வந்தவளுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இவன் கை ஒடிந்திருக்கிறது என்று எழுதப் போகிறார்கள். சரி, ஒடிந்தே இருக்கட்டும். யார் ஒடித்தது என்பதுதானே கேள்வி?

கட்டில் பக்கத்தில் குளுகோஸ் மாட்டும் இரும்பு ஸ்டாண்டு நின்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். அவன் கையை இறக்குவதற்குள் ஓங்கிப் போட்டேன். முதல் அடி கட்டில் கம்பியில் பட்டது. இரண்டாவது அடி சரியாக முழங்கைக்குக் கீழே, கட்டுமேலேயே விழுந்தது. காலையில் என் வீட்டுக்காரர் விலாவில் கேட்ட அதே மாதிரி சத்தம். நல்லுசாமி போட்ட அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. பன் உருண்டு ஓடியது. ஓடிவந்த நர்சம்மா, "அய்யய்யோ, என்னம்மா இது!" என்று கன்னடத்தில் கத்தினாள்.

ஏட்டு என் கையைப் பின்னால் முறுக்கினார். நான் திமிறவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "எழுதிக்கோங்க சார். நல்லுசாமி கைய ஒடிச்சது திம்மராயன் இல்ல. திம்மராயன் பொண்டாட்டி மாதேஸ்வரி. நீங்களே கண்ணால பாத்தீங்க."

டாக்டரம்மா வந்து கட்டைப் பிரித்தார். பழைய காயம் ஒரு கீறல்கூட இல்லை. "இது இப்பத்தான் ஒடிஞ்சிருக்கு" என்றார். ஏட்டு நல்லுசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏம்மா, ஆஸ்பத்திரிக்குள்ள அடிச்சா லேசுல ஜாமீன் கிடைக்காதுன்னு தெரியுமா உனக்கு?" என்றார். தெரியாது. தெரிந்திருந்தாலும் அடித்திருப்பேன்.

ஸ்டேஷனில் உட்கார்த்தி வைத்திருந்தபோது என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விலாவைப் பிடித்துக்கொண்டு, ரங்கம்மாவின் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு, படியேறி வந்தார். நேராக ஏட்டு மேஜைக்குப் போய், "சார், அவள உட்டுடுங்க. நான்தான் அடிச்சேன்னு எழுதிக்கோங்க. பட்டாளமும் வேணாம், ஒரு மயிரும் வேணாம்" என்றார்.

நான் எழுந்து போய் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டேன். "வாய மூடிகினு வீட்டுக்குப் போய்யா! விலா ஒடியற வரைக்கும் பொறுத்த இல்ல? இன்னும் கொஞ்சம் பொறு. இதக் கெடுத்தன்னா, வெளிய வந்து உன் கையையும் ஒடிப்பேன்!" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குடும்பமே இப்படித்தானா?" என்று ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். அவர் நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதினார். நல்லுசாமி எவ்வளவோ கெஞ்சியும் இவர் பெயரைச் சேர்க்கவில்லை. "கட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லாம படுத்த உன்மேலதான் இன்னொரு கேஸ் போடணும்" என்று அவனை அதட்டியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என்னைப் பெண்கள் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மூட்டைப்பூச்சியும், விடிய விடிய அழுகிற ஒரு பெண்ணும், சோற்று வரிசைக்கு மயிரைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்களும் இருந்தார்கள். ஒருத்தி என் தட்டைப் பிடுங்கினாள். கொடுத்துவிட்டேன். இவர் பொறுத்ததை நினைத்துக்கொண்டேன். ஜாமீனில் வெளியே வந்தபோது பாதி இளைத்திருந்தேன்.

அதற்கு நடுவில் போலீஸ் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள். இவர்மேல் வழக்கு ஏதும் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். விலா கூடிய பிறகு இவர் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில், நான் ஸ்டேஷனில் அறைந்த இடத்தில் வைத்துக்கொண்டார். "பஸ் போயிடும், கிளம்புங்க" என்றேன்.

அங்கே அவர் வயதில் பாதி இருக்கும் பயிற்சியாளன் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டுகிறானாம். துப்பாக்கியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடச் சொல்கிறானாம். போனில் சொல்லும்போது குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பைத்தியக்கார மனுஷன்.

என் வழக்கு போன வாரம் விசாரணைக்கு வந்தது. நல்லுசாமி கை கோணலாகச் சேர்ந்திருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் வக்கீல் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார்: "ஜட்ஜம்மா கேட்டா 'இல்லை'ன்னு ஒரே வார்த்தை சொல்லும்மா. எல்லாரும் அதான் சொல்வாங்க. சாட்சிய நான் உடைச்சிடறேன். நீ வெளிய வந்துடலாம்."

கூண்டில் ஏறி நின்றேன். குற்றப்பத்திரிகையை வாசித்தார்கள். ஜட்ஜம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்: "புருஷன் வந்திருக்காரா?"

"இல்லீங்கம்மா. பட்டாளத்துல இருக்காருங்க."

"குற்றத்தை ஒத்துக்கறியா? நீதான் அடிச்சியா?"

வக்கீல் என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். இல்லை என்று சொல்வது எனக்கு ஒரு வாய்ச்சொல். ஆனால் நான் இல்லை என்றால், பிறகு யார் என்று ஒரு கேள்வி வருமே. அந்தக் கேள்வி கோர்ட்டிலிருந்து கிளம்பி எங்கே போய் நிற்கும்? இவர் துப்பாக்கியோடு ஓடுகிற அந்த வெயிலில் போய் நிற்கும்.

"அடிச்சேனுங்கம்மா" என்றேன். "நான் ஒருத்திதான் அடிச்சேன். எங்க வீட்டுக்காரரு யார்மேலயும் கை வெக்கலீங்க."